ரெண்டாம் சிவப்பு வாளி

கடல் லொறியில் வந்தது.

அக்கரப்பத்தனைக்கு மேலே, மூடுபனி இறங்கினால் பாதை தெரியாத ஒரு வளைவில் இருக்கிறது அந்தத் தோட்டத்து ஸ்டோர். தேயிலைத் தொழிற்சாலையை மலையில் யாரும் தொழிற்சாலை என்பதில்லை, ஸ்டோர்தான். கொழும்புக்குத் தேயிலை ஏற்றிப் போகும் லொறி திரும்பி வரும்போது உரம் கொண்டு வரும், இயந்திரத்துக்குப் பட்டி கொண்டு வரும். அந்த வியாழக்கிழமை இருபது நீலக் கேன் நிறையக் கடல்நீரும், ஈரத்துணி போர்த்திய ஒரு ரெஜிபோம் நுரைப் பெட்டியும் கொண்டு வந்தது.

ஸ்டோரே வாசலுக்கு வந்துவிட்டது. தூள் பிரிக்கும் பெண்கள் தலைத்துண்டோடு நின்றார்கள். அடுப்பில் விறகு போடும் பொன்னையா ஒரு கேனைத் திறந்து, விரலை விட்டு, நக்கிப் பார்த்தார்.

"உப்பு சரி. புளிதான் பத்தல."

"அது இனிமேத்தான் அண்ணே சேர்க்கணும்" என்றாள் சுதர்ஷினி. கூட்டம் சிரித்தது. அவள் உண்மையைத்தான் சொன்னாள் என்று வினோஜனுக்கு மட்டும் தெரியும்.

வினோஜன் அந்த ஸ்டோரில் உதவி டீமேக்கர். சுதர்ஷினி அவன் மனைவி. கந்தப்பளைப் பெண். லீக்ஸ் பாத்திகளுக்கு நடுவே வளர்ந்து, பத்தொன்பதாவது வயதில்தான் கடலை முதலில் பார்த்தாள். எல்லாரும் காலை நனைக்க ஓடியபோது இவள் குனிந்து ஒரு நத்தையைப் பொறுக்கினாளாம். அன்று பிடித்தது, இன்னும் விடவில்லை. கடல் புளித்தால் அதில் வாழும் நத்தையின் ஓட்டுக்கு என்ன ஆகும் என்று ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படிக்கிறாள். முக்கால்வாசி முடிந்துவிட்டது. மிச்சம் அறுபது நாள் பரிசோதனை ஒன்று. டிசம்பரோடு பல்கலைக்கழகப் பதிவு முடிகிறது. அதற்குள் அந்த அறுபது நாளும் அறுந்து போகாமல் நடக்க வேண்டும். நடக்காவிட்டால் நான்கு வருட வேலை அப்படியே நின்றுபோகும்.

இதற்கிடையில் வயிற்றில் ஆறு மாதம். கரையோரத்துக்கு ஏழு மணி நேர பஸ் பயணம் இனிக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

"நான் போக முடியாட்டி அது வரட்டும்" என்றாள்.

"எது?"

"கடல்."

பெட்டிக்குள் வந்த நத்தைகள் வெயில் கடலில் வளர்ந்தவை. இங்கே மாலையில் மூச்சு விட்டால் புகை வரும். சூடான இடம் ஒன்றுதான் இருந்தது. தேயிலை காய வைக்கும் அடுப்பின் பின்சுவரை ஒட்டி, பழைய சாமான் போட்டு வைக்கும் அறை. சுவர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். தோட்டத்து மேலாளரான பெரிய துரையிடம் வினோஜன் அனுமதி கேட்கப் போனான். துரை சிங்களத்தில் இரண்டே கேள்வி கேட்டார். நாறுமா? தேயிலைப் பக்கம் வருமா? இரண்டுக்கும் இல்லை என்றான். சரி என்றார். பிறகு கூப்பிட்டு மூன்றாவதாக ஒன்று கேட்டார்: தானும் வந்து பார்க்கலாமா?

ஆறு வாளி. மூன்று நீலம், மூன்று சிவப்பு. நீல வாளிகளுக்குள் சும்மா காற்றுக் குமிழி விடும் குழாய். சிவப்பு வாளிகளுக்குப் போகும் காற்றில் கரியமில வாயுவான காபனீரொட்சைட்டு கொஞ்சம் கலந்திருக்கும். ஒரு வாளிக்குப் பத்து நத்தை. ஒவ்வொன்றும் வேகவைத்த கடலை அளவு. நத்தைகளின் முதுகில் கியூட்டெக்ஸால் இலக்கம் எழுதினாள். ஒன்று முதல் முப்பது வரை சிவப்பு, மிச்சம் நீலம். தேயிலையின் ஈரம் பார்க்கும் சின்னத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தாள். நாலு நாளுக்கு ஒரு தடவை மறுபடி நிறுப்பாள்.

வேலை முடிந்த பெண்கள் வாசலில் நெருக்கியடித்தார்கள். சுதர்ஷினி முக்காலியில் உட்கார்ந்து சொன்னாள்.

"லொறிப் புகை, நிலக்கரிப் புகை, எல்லாம் மேல போகுதுல்ல? அதுல நாலுல ஒரு பங்க கடல் குடிச்சிடுது. குடிச்சா தண்ணி சோடா மாதிரி லேசா மாறும். நாக்குக்குத் தெரியாது. நத்தைக்குத் தெரியும். ஓடு கட்டக் கஷ்டப்படும். ரொம்பப் போனா, கட்டின ஓடே கரையும். சிப்பிக்கும் அப்படித்தான், பவளத்துக்கும் அப்படித்தான்."

பொன்னையா கையில் ஒரு யூகலிப்டஸ் கட்டையோடு நின்றிருந்தார்.

"அப்ப நான் போடுற விறகு?"

"அதுவும் கொஞ்சம் போகும் அண்ணே."

அவர் கட்டையைப் பார்த்தார். அதை வாசல் ஓரம் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை அடுப்புச் சூடு ஏறவே இல்லை. காய்ந்து வர வேண்டிய தேயிலை பிசுபிசுத்தது. வினோஜன் ஓடினான். பொன்னையா அடுப்பு வாயில் விளக்குத் திரி அளவுக்கு இரண்டே விறகை வைத்து, பக்கத்தில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

"என்ன அண்ணே இது?"

"நத்தை பாவம்ங்க ஐயா."

சுதர்ஷினிதான் வந்து சமாதானம் சொன்னாள். வெட்டின மரத்துக்குப் பதில் மரம் நட்டு வளர்த்தால் அந்தப் புகையைப் புது மரம் திரும்ப இழுத்துக்கொள்ளும், மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எரிக்கிற எண்ணெயும் நிலக்கரியும்தான் பெரிய வில்லங்கம் என்றாள். பொன்னையா நம்புவதா வேண்டாமா என்று யோசித்தார். அந்த வாரமே விறகுக் காட்டு ஓரத்தில் பன்னிரண்டு கன்று வைத்தார். அதற்குப் பிறகுதான் அடுப்பு பழைய மாதிரி எரிந்தது. ஒரு நாள் தேயிலை கெட்டதற்குத் துரைக்கு என்ன காரணம் எழுதுவது என்று வினோஜன் அரைமணி நேரம் யோசித்தான். 'விறகு ஈரம்' என்று எழுதினான்.

பெயர் வைத்தது ஜீவராணியின் வேலை. தூள் பிரிக்கும் பெண்களில் வாய் பெரியவள்.

"நம்பர் சொல்லிக் கூப்பிடறது ஆஸ்பத்திரியில. வீட்டுக்கு வந்த புள்ளைங்களுக்குப் பேரு வேணாமா?"

ஒரே வாரத்தில் அறுபது நத்தைக்கும் ஆள் பெயர் வந்துவிட்டது. எப்போதும் மற்றதன் மேல் ஏறி நிற்கும் ஒன்றுக்குத் தன் நாத்தனார் நாகலெட்சுமியின் பெயரை வைத்தாள். அடிக்கடி வாளியை விட்டு வெளியே வரப் பார்க்கும் ஒன்று லொறிக்கார சிவசாமி. பதினாலாம் இலக்கம் ரெண்டாம் சிவப்பு வாளியில் இருந்தது. ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு நாள் முழுக்க அசையாது.

"இது நம்ம பழனியாண்டி மாமா" என்றாள் ஜீவராணி.

பழனியாண்டி வினோஜனின் அப்பா. முப்பத்தெட்டு வருடம் கவ்வாத்து வெட்டியவர். மலை மலையாகத் தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி நிறுத்தும் வேலை. மூன்று வருடமாக ஓய்வு. மருமகளுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுக்கிறேன் என்று வருவார், அப்புறம் மதியம்வரை அங்கேயே முக்காலியில் இருப்பார். தன் பெயர் வைத்ததும் கோபிப்பார் என்று எல்லாரும் பார்த்தார்கள். அவர் குனிந்து நத்தையைப் பார்த்தார்.

"ஆமா. மூஞ்சி அப்படித்தான் இருக்கு."

அன்று முதல் காலையில் நத்தை எண்ணுவது அவர் பொறுப்பு. தோட்டத்தில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்பும் பெரட்டு மாதிரி, வாளி வாளியாக நின்று பெயர் வாசிப்பார். நத்தைகள் பதில் சொல்லாது. அவரே 'இருக்கேன்' என்பார்.

ஒருநாள் சுதர்ஷினி புளிப்பு அளக்கும் மீட்டரை வாளிக்குள் விட்டு, நீலம் எட்டு தசம் ஒன்று, சிவப்பு ஏழு தசம் ஆறு என்று எழுதிக்கொண்டிருந்தாள். பழனியாண்டி எட்டிப் பார்த்தார்.

"இதுவா புளிப்பு? நம்ம மண்ணுக்கு நாலரை வரும் தாயி. வெளிக்கள ஐயா அளந்து சொல்லிக் கேட்டிருக்கேன். எண்ணு குறையக் குறையத்தானே புளிப்பு?"

"ஆமா மாமா. தேயிலைக்குப் புளிப்புப் புடிக்கும். நத்தைக்குப் புடிக்காது. எட்டுலேருந்து ஏழரைக்கு வந்தாலே அதுக்கு பெரிய பள்ளம்."

"புடிச்சாலும் ஒரு அளவு இருக்கு. நாலுக்குக் கீழ போனா தேயிலையும் நிக்காது. கவ்வாத்து மலைக்கு அதுக்குத்தான் டொலமைட் கல்மாவு தூவுவாங்க, புளிப்பு இறங்க."

"ம்" என்றாள் சுதர்ஷினி, எழுதிக்கொண்டே. அந்த 'ம்'மை அவள் பிறகு ரொம்ப நாள் நினைத்துச் சிரித்தாள்.

முப்பத்திரண்டாம் நாள் கிளினிக்கில் சுதர்ஷினிக்கு இரத்த அழுத்தம் கூடியிருந்தது. பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று நுவரெலியா ஆஸ்பத்திரியில் நிறுத்திவிட்டார்கள். கட்டிலில் உட்கார்ந்தபடியே நீல அட்டைக் கொப்பியை வினோஜனிடம் நீட்டினாள்.

"காலையில ஏழு மணி. ஆறு வாளியும். மீட்டர் சொல்றத எழுதுங்க. மனசு சொல்றத எழுதாதீங்க."

"சரி."

"கொப்பியில இல்லாத எதையும் வாளிக்குள்ள செய்யாதீங்க."

"சரி."

"என்னைப் பத்திக் கவலைப்படாதீங்க."

அதற்கு அவன் சரி சொல்லவில்லை. அவள் தலையணைக்குக் கீழே தோடம்பழம் இரண்டு வைத்துவிட்டு வந்தான்.

முப்பத்திமூன்றாம் நாள் அதிகாலையே இலை நிறைய வந்துவிட்டது. அவசரமாக எண்களை எழுதிவிட்டு ஓடினான். எல்லாம் சரியாக இருந்தது. மறுநாள் ரெண்டாம் சிவப்பு ஏழு தசம் ஏழு காட்டியது, ஓட்டத்தில் அதையும் எழுதிவிட்டுப் போனான். முப்பத்தைந்தாம் நாள் ரெண்டாம் சிவப்பு வாளியில் மீட்டர் ஏழு தசம் ஒன்பது என்றது.

துடைத்துவிட்டு மறுபடி விட்டான். ஏழு தசம் ஒன்பது. ஒன்றாம் சிவப்பு, மூன்றாம் சிவப்பு இரண்டும் ஏழு தசம் ஆறு. காற்றுக்குழாயைப் பார்த்தான். குமிழி ஒழுங்காக வந்தது. பேனாவை எடுத்தான்.

ஏழு தசம் ஆறு என்று எழுதலாம். ஒரு எண். பரிசோதனை அறுந்து போகாது. அவள் கட்டிலில் கிடந்து கலங்க வேண்டியதில்லை. ஸ்டோரில் இப்படி எழுதாத எண்ணா? துரை பார்க்கப் பிரியப்படும் எண்ணை எழுதி அவனுக்குப் பழக்கம் இருந்தது. 'விறகு ஈரம்' என்று எழுதிய கைதானே.

ஏழு தசம் ஒன்பது என்று எழுதினான். எழுதிவிட்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்று மாலை அவள் கூப்பிட்டாள்.

"எண்ணெல்லாம் எப்படி?"

"எழுதுறேன்."

"எப்படி இருக்குன்னு கேட்டேன்."

"இருக்கு."

"நீங்களும் பதினாலாம் நம்பர் மாதிரியே பேசுறீங்க" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை.

அடுத்த இரண்டு நாளும் ஏழு தசம் ஒன்பது. முப்பத்தெட்டாம் நாள் டோர்ச் அடித்து வாளிக்குள் பார்த்தான். அடியில் மெல்லிய வெள்ளைப் படிவு. விரலால் தொட்டுத் தேய்த்தான். மாவு மாதிரி, ஆனால் நறநறவென்று. தோட்டத்தில் பிறந்த எவனுக்கும் அந்த மாவைத் தெரியும்.

வீட்டுக்குப் போனான். அப்பா லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் போஞ்சிப் பந்தலுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். ஓரத்தில் அரை மூட்டை டொலமைட், வாய் சுருட்டி வைத்திருந்தது.

"அப்பா."

"பால் வாங்கியாச்சு."

"வாளியில எத்தனை கரண்டி போட்டீங்க?"

கயிறு கை தவறியது.

"ஒண்ணு."

"அப்பா."

"ரெண்டு. மருமக போன மறுநாள் காலையில ஒண்ணு, நீ போன பொறவு. பத்தலன்னு தோணிச்சு. அடுத்த நாள் ஒண்ணு."

"ஏன்?"

"பதினாலுக்கு ஓடு வெளுத்துப் போச்சுடா. நுனியில சொரசொரன்னு. எம் பேர வச்சிட்டு, அது கரையறதப் பார்த்துக்கிட்டு நான் தேத்தண்ணி குடிக்கவா?"

"மத்த ரெண்டு சிவப்பு வாளியும்?"

"அதுல நம்ம வீட்டு ஆளு யாரு இருக்கா?"

வினோஜனுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. போஞ்சிக் கொடியைப் பார்த்தான். பழனியாண்டி மெதுவாகக் கேட்டார்.

"கெட்டுப் போச்சா?"

"தெரியல."

"பட்டம் கிடைக்காம போயிருமா?"

"தெரியல அப்பா."

"தண்ணிய மாத்திட்டா? யாருக்குத் தெரியும்?"

"நத்தைக்குத் தெரியும்."

அப்பாவைக் கூட்டிக்கொண்டு திரும்பி ஸ்டோருக்கு வந்தான். கொப்பியைத் திறந்து எழுதினான். 'நாள் 33, நாள் 34. சிவப்பு 2. டொலமைட், தலா ஒரு கரண்டி. போட்டவர் என் அப்பா. வேறெதுவும் மாற்றவில்லை.' அப்பா அதை வாசித்துவிட்டு, "பேர எழுதல" என்றார். பெயரையும் எழுதினான்.

நாற்பத்திரண்டாம் நாள் சுதர்ஷினியை விட்டார்கள். அழுத்தம் இறங்கியிருந்தது. பிள்ளை உதைக்கிறது என்று வேனில் வரும் வழியெல்லாம் சொன்னாள். அவன் தலையாட்டினான். வீட்டுக்குப் போகலாம் என்றான். ஸ்டோருக்கு என்றாள். வேன் ஸ்டோருக்குப் போயிற்று.

அறைக்குள் போய் முக்காலியில் உட்கார்ந்தாள். கொப்பியை விரித்தாள். வினோஜன் வாசலில் நின்றான். அவனுக்குப் பின்னால் பொன்னையா, அவருக்குப் பின்னால் ஜீவராணி, சாக்குக் குவியலுக்குப் பின்னால் பழனியாண்டியின் தலை மட்டும். அடுப்பு உறுமியது. பக்கம் திரும்பியது. மறுபடி திரும்பியது. அவள் விரல் ஒரு இடத்தில் நின்றது.

"மாமா."

தலை மறைந்தது.

"மாமா, இங்க வாங்க. கரண்டி எங்க?"

"எந்தக் கரண்டி தாயி?"

"போட்ட கரண்டி."

அவர் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போய், ஒரு பருப்புக் கரண்டியும் ஒரு பை டொலமைட்டும் கொண்டு வந்தார். அள்ளச் சொன்னாள். அள்ளினார். தராசில் கொட்டச் சொன்னாள். பதினொன்றரை கிராம். இன்னொரு தடவை. பதினொன்றரை. இன்னொரு தடவை. பதினொன்று தசம் ஆறு.

"என்ன கை மாமா இது!"

"முப்பத்தெட்டு வருஷம் கத்தி புடிச்ச கை" என்றார், பயம் போகாமலே.

அவள் ரெண்டாம் வாளியின் பத்து நத்தையையும் எடுத்துக் கழுவி, ஒட்டியிருந்த மாவை மென்தூரிகையால் துடைத்து, நிறுத்தாள். பிறகு ஒன்றாம் வாளி, மூன்றாம் வாளி. ஒரு தாளில் கோடு போட்டாள். அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறாள் என்று வினோஜன் உள்ளே பாய்ந்தான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர்.

"முப்பத்தி ரெண்டு நாள் வரைக்கும் மூணு சிவப்பு வாளியிலயும் எடை குறையுதுங்க. அப்புறம் ஒண்ணும் மூணும் குறைஞ்சுகிட்டே போகுது. ரெண்டு நின்னுடுச்சு. பாருங்க, நின்னே போச்சு!"

"அப்ப கெடலையா?" என்றார் பழனியாண்டி.

"கெட்டுத்தான் போச்சு மாமா. நான் கேட்ட கேள்விக்கு அந்த வாளி இனி உதவாது. மேடம்கிட்ட கேக்கணும்."

ஆராய்ச்சியை மேற்பார்க்கும் பேராசிரியரைக் கூப்பிட்டாள். எல்லாரும் கேட்கும்படி போனை வாளி விளிம்பில் வைத்தாள். முழுவதையும் சொன்னாள். பழனியாண்டி தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"யார் போட்டதுன்னு சொன்னீங்க?"

"என் மாமனார் மேடம்."

"ஏன் போட்டார்?"

பழனியாண்டி குனிந்து போனுக்கு நேராகச் சொன்னார். "நத்தைக்கு எம் பேருங்கம்மா."

போனில் ஏதோ கரகரத்தது. அது சிரிப்பு என்று தெரிய எல்லாருக்கும் ஒரு நொடி ஆயிற்று.

"சுதர்ஷினி, நாளும் அளவும் எழுதியிருக்கா?"

"இருக்கு மேடம். கரண்டி அளவையும் எடை போட்டுட்டேன்."

"தினமும் எடுத்த எண்? மாத்தாம?"

அவள் நிமிர்ந்து வினோஜனைப் பார்த்தாள்.

"மாத்தாம" என்றாள்.

"சரி. உங்க கேள்விக்கு மத்த அஞ்சு வாளியும் போதும். ஆறுல ஒண்ணு ஏன் விலகிச்சுன்னு ஒளிக்காம எழுதுங்க. அந்த ரெண்டாம் வாளிய அப்படியே விடுங்க, அறுபது நாள் முடியட்டும். புளிச்ச கடலுக்குள்ள இப்படி கல் மாவு தூவலாமான்னு உலகத்துல சில பேர் ஆராய்ச்சி பண்றாங்க. வருஷக்கணக்கா யோசிச்சு, அனுமதி வாங்கித்தான் ஒரு பிடி போடுவாங்க. உங்க மாமனார் யாரையும் கேக்கல."

"இனிக் கேப்பேங்கம்மா" என்றார் பழனியாண்டி.

போன் வைத்ததும் பொன்னையா விசிலடித்தார். ஜீவராணி அவருக்கு முன்னால் குனிந்து கும்பிட்டு, "விஞ்ஞானி மாமா, எங்க ரோசாச் செடிக்கும் ஒரு கரண்டி" என்றாள். யாரோ ஸ்டோரிலிருந்து ஒரு வாளி தேத்தண்ணி கொண்டுவந்தார்கள். சிவப்பு வாளி இல்லையே என்று பார்த்துவிட்டுத்தான் எல்லாரும் குடித்தார்கள்.

அறுபதாம் நாள் ஒரு திருவிழா. துரைகூட வந்தார், வெள்ளைக் காற்சட்டையோடு, முக்காலியில் உட்கார்ந்தார். சுதர்ஷினி ஒவ்வொரு நத்தையையும் தராசில் வைத்து இலக்கம் சொன்னாள். கூட்டம் பெயர் சொன்னது. வினோஜன் எழுதினான். நீல வாளிக்காரர்கள் எல்லாரும் கொழுத்திருந்தார்கள். ஒன்றாம், மூன்றாம் சிவப்பில் எல்லாருக்கும் எடை குறைவு. நாகலெட்சுமி பாதி நுனியை இழந்திருந்தாள். நிஜ நாகலெட்சுமி கூட்டத்தில் நின்று, "எனக்கும் மூட்டு வலிதான்" என்றாள்.

"பதினாலு" என்றாள் சுதர்ஷினி.

"பழனியாண்டி!" என்றது ஸ்டோர்.

"இருக்கேன்" என்றார் அவர்.

முப்பத்திரண்டாம் நாளில் என்ன எடையோ, ஏறக்குறைய அதே எடை.

கூட்டம் கலைந்த பிறகு பழனியாண்டி மருமகளின் பக்கத்தில் வந்து நின்றார்.

"தாயி, மொத்தக் கடலுக்கும் எத்தனை மூட்டை வேணும்?"

"இந்தச் சுத்து மலையெல்லாம் அரைச்சாலும் பத்தாது மாமா. அரைக்கவும் புகை விடணும். மாவு வேற எந்த உசுருக்கு என்ன செய்யுமோ தெரியாது. ஒரு வாளிய வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

"அப்ப எத்தனை வாளி வேணும்?"

அவள் திரும்பி வினோஜனைப் பார்த்தாள். வினோஜன் அவள் வயிற்றைப் பார்த்தான். எட்டு மாதம்.

"இருபது நாள் போதும்" என்றாள் அவசரமாக. "நான் அசைய மாட்டேன். முக்காலியிலயே இருப்பேன். இவரு எழுதுவாரு. மாமா போடுவாரு."

அடுத்த வியாழன் லொறி மறுபடி கடலும் புது நத்தைகளும் கொண்டு வந்தது. இந்த முறை ஆறும் சிவப்பு வாளி. மூன்றுக்கு டொலமைட், மூன்றுக்கு ஒன்றுமில்லாத வெறும் மணல் மாவு. இரண்டையும் ஒரே மாதிரித் தாளில் சுதர்ஷினியே பொட்டலம் கட்டி, வாளி இலக்கம் மட்டும் எழுதினாள். எது எதற்குள் என்று பழனியாண்டிக்குச் சொல்லவில்லை. வினோஜனுக்கும் சொல்லவில்லை.

"பேரும் வைக்கக் கூடாது" என்றாள். "நம்பர் மட்டும். கேட்டுச்சா ஜீவராணி அக்கா?"

"கேட்டுச்சு, கேட்டுச்சு."

காலை ஏழு மணி. பழனியாண்டி சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்துத் தூவினார். முடிந்ததும் பழக்கத்தில் பெரட்டுக்கு நின்றார். வாய் திறந்தார், மூடினார்.

"நம்பர வாசிங்க மாமா" என்றாள் சுதர்ஷினி.

"ஒண்ணு" என்றார் சுரத்தில்லாமல். "ரெண்டு. மூணு."

ஏழாம் இலக்கம் வந்தபோது வாசலில் தூள் பிரிக்கும் பெண்கள் வாயைப் பொத்தினார்கள். அது வாளியின் நடுவில் தனியாக, கொம்பு இரண்டையும் நீட்டி, மற்றவற்றை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏழு" என்றார் பழனியாண்டி.

"துரை!" என்று வெடித்தது வாசல்.

சுதர்ஷினி கோபமாக முகத்தைத் திருப்பினாள். தோள் குலுங்கியது. வினோஜன் மீட்டரை முதல் வாளிக்குள் விட்டு, எண் நிற்கும்வரை காத்திருந்து, அது சொன்னதை எழுதினான்.